பத்தாம் திகதிக்குப் பிறகு: தோட்டத்தில் புதிதாக விசுவாசத்துக்கு வந்தவர்களுக்கு

பத்தாம் திகதி சம்பளம். பதினோராம் திகதி கடைக்காரர், பன்னிரண்டாம் திகதி சீட்டு, வியாழக்கிழமை குழு லோன்காரர். பதினைந்தாம் திகதி இரவு காம்பராவில் லைட்டை அணைத்துவிட்டு, "ஆண்டவரே, இனி என்ன?" என்று கேட்பவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். அதிலும், அண்மையில்தான் சபைக்கோ கோயிலுக்கோ போகத் தொடங்கியவர்களுக்காக. பைபிளை எந்தப் பக்கத்தில் திறப்பது என்று இன்னும் பிடிபடாதவர்கள், பக்கத்து லயத்து அக்கா கூப்பிட்டாரே என்று ஒரு ஜெபக்கூட்டத்துக்குப் போய் அழுதுவிட்டு வந்தவர்கள், எல்லாரும் இதில் சேர்த்திதான்.

நான் போதகர் இல்லை. கொழுந்து பறித்த தாயின் மகன். ஹட்டன் பக்கத்துச் சபையொன்றில் இருபது வருடமாகக் கணக்கு எழுதுகிறேன். சபைக் கணக்கு எழுதுபவனுக்கு ஒரு வசதி உண்டு: யார் வீட்டில் அடுப்பு எரியவில்லை என்பது போதகருக்கு முன்பே அவனுக்குத் தெரிந்துவிடும்.

ஒன்றை ஆரம்பத்திலேயே சொல்லிவிடுகிறேன். இயேசுவிடம் வந்தால் கடன் மறைந்துவிடும் என்று நான் சொல்லப்போவதில்லை. இருபது வருடத்தில் அப்படி மறைந்த கடன் ஒன்றையும் பார்த்ததில்லை. கட்டி முடித்த கடனைப் பார்த்திருக்கிறேன். லயத்துப் பிள்ளை டீச்சராகித் திரும்பி வந்ததைப் பார்த்திருக்கிறேன். அங்கெல்லாம் ஜெபம் இருந்தது, ஒரு கொப்பியும் பேனாவும் இருந்தன, கூட நடக்க ஒரு ஆளும் இருந்தார். இந்த மூன்றையும் எப்படிச் சேர்ப்பது என்பதுதான் கீழே வருவது.

முதலில் சாப்பிடுங்கள்

1 இராஜாக்கள் 19ஆம் அதிகாரத்தை எடுத்துப் படியுங்கள். எலியா பெரிய தீர்க்கதரிசி. ராணி யேசபேல் அவர் உயிரை எடுக்கத் தேடுகிறாள். வனாந்தரத்துக்கு ஓடிப்போய் ஒரு சூரைச்செடிக்கு அடியில் படுத்து, செத்தால் போதும் என்கிறார். அங்கே வந்த தூதன் பிரசங்கம் பண்ணவில்லை. "எழுந்திருந்து போஜனம்பண்ணு" என்றான். தழலில் சுட்ட அடை, ஒரு பாத்திரத்தில் தண்ணீர். எலியா சாப்பிட்டுத் திரும்பவும் படுத்தார். தூதன் இரண்டாம் தடவையும் எழுப்பிச் சாப்பிடச் சொன்னான். பயணம், மலை, கடவுள் பேசின மெல்லிய சத்தம் எல்லாம் அதற்குப் பிறகுதான்.

அடை என்றால் நம் கணக்கில் ரொட்டியும் சம்பலும். பிள்ளைகளுக்குக் கொடுத்துவிட்டு வெறும் தேத்தண்ணியோடு மலைக்கு ஏறும் அம்மாமார்தான் இந்த அதிகாரத்தை முதலில் படிக்க வேண்டும். புதிதாக வந்தவர்கள் உற்சாகத்தில் உடனே உபவாச ஜெபத்தில் இறங்கிவிடுகிறார்கள். ஏற்கெனவே அரை வயிறு சாப்பிடுகிறவர் உபவாசம் இருக்கத் தேவையில்லை என்பது என் கருத்து. கர்ப்பிணிகளும் சீனி வருத்தத்துக்கு மருந்து எடுப்பவர்களும் இருக்கவே கூடாது.

செத்துப்போகலாம் என்ற நினைப்பு உங்களுக்கும் வருகிறதா? அப்படியானால் இந்தக் கட்டுரையை வைத்துவிட்டு, இப்போதே ஒரு ஆளிடம் சொல்லுங்கள். ஆள் இல்லாவிட்டால் 1926க்கு அழையுங்கள், அது தேசிய மனநல நிறுவனத்தின் இலக்கம். மனநோய்க்கு மருந்து எடுப்பது விசுவாசக் குறைவு என்று யாராவது சொன்னால், எலியாவுக்கு அடை சுட்டுக் கொடுத்தவர் யார் என்று கேளுங்கள்.

முறையிடத் தெரிந்தால் போதும்

ஜெபம் என்றால் அழகான வார்த்தை வேண்டும் என்று பலர் பயப்படுகிறார்கள். சங்கீதம் 13 ஆறே வசனம். "கர்த்தாவே, எதுவரைக்கும் என்னை மறந்திருப்பீர்" என்றுதான் தொடங்குகிறது. சங்கீதம் 88 இன்னும் மோசம், கடைசி வரியும் இருட்டிலேயே முடிகிறது. அதையும் எடுத்துவிடாமல் வேதாகமத்தில் வைத்திருக்கிறார்கள். கத்தோலிக்கர் படிக்கும் மொழிபெயர்ப்பில் சொற்கள் வேறு, அழுகை ஒன்றுதான்.

காம்பராவில் தனியாக முழங்காலிட இடம் ஏது? காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டுக்குப் போகிற வழியில் பேசுங்கள். நேற்று என்ன நடந்தது, இன்று எனக்கு என்ன வேண்டும், இன்று யாருக்காகக் கேட்கிறேன். மூன்று வாக்கியம் போதும். மூன்றாவதை விட்டுவிடாதீர்கள். அடுத்த வீட்டுக்காரியின் பெயரைச் சொல்லி ஒரு வாரம் ஜெபித்துப் பாருங்கள், தண்ணீர்ப் பீலியில் அவளோடு சண்டை போடுவது கொஞ்சம் கஷ்டமாகிவிடும்.

எந்தக் கதவைத் தட்டுவது

நம் பக்கத்தில் அங்கிலிக்கன், மெதடிஸ்த, கத்தோலிக்க, பெந்தெகொஸ்தே என்று பல கதவுகள் இருக்கின்றன. அங்கிலிக்கன் சபை 1854இல் தோட்டத் தமிழருக்கென்றே ஒரு மிஷன் தொடங்கியது. அதன் பெயரிலேயே 'கூலி' என்ற சொல் இருந்தது, பிற்காலத்தில்தான் அதை எடுத்தார்கள். டிக்கோயா வார்லியில் உள்ளதைப் போன்ற பழைய கோயில்கள் துரைமார் காலத்தவை. வார்லி கோயில் 1878ஆம் ஆண்டுக்குரியது. அந்த மாதிரிக் கட்டடத்துக்குள் பாட்டா செருப்போடு நுழைய முதல்நாள் கூச்சமாகத்தான் இருக்கும். இரண்டாம் நாள் அவ்வளவு இராது.

எதைத் தேர்வது? நடந்து போகக்கூடிய தூரத்தில் இருப்பது, தமிழில் ஆராதனை நடப்பது, நோயாளி வீட்டுக்கு ஆள் போகிற பழக்கம் உள்ளது. எனக்கு இந்த மூன்றும் போதும். சீசனில் ஞாயிற்றுக்கிழமையும் வேலை வந்துவிட்டால் மனச்சாட்சி குத்த வேண்டாம், வார நாளில் நடக்கும் வீட்டு ஜெபத்துக்குப் போகலாம்.

போனவுடன் முழுக்கதையையும் மேடையில் ஏறிச் சாட்சியாகச் சொல்லிவிடாதீர்கள். ஆராதனை முடிந்து தேத்தண்ணி கொடுக்கும்போது, முகம் பார்த்து ஒரு ஆளிடம், "அண்ணன், நான் புதுசு. வீட்டில கொஞ்சம் கஷ்டம். யாரோட பேசலாம்?" என்று கேளுங்கள். அவர் போதகரைத்தான் காட்ட வேண்டும் என்றில்லை. அங்கிலிக்கன் சபை என்றால் தாய்மார் சங்கத்து அக்காமார் இருப்பார்கள். கத்தோலிக்கப் பங்கு என்றால் வின்சென்ட் தே பவுல் சபை இருக்கிறதா என்று கேட்கலாம், வீடு தேடி வந்து பார்ப்பதே அவர்கள் வேலை.

சில கதவுகளைத் தட்டாமல் திரும்புவது நல்லது. என் சொந்தக் கதை ஒன்று. நான் பையனாக இருந்தபோது டவுனில் ஒரு ஆசீர்வாதக் கூட்டம். கையில் இருப்பதையெல்லாம் விதைத்தால் நூறு மடங்கு திரும்பும் என்றார்கள். அம்மா மறுநாளே தோட்டை அடகு வைத்துக் காணிக்கை கொடுத்தார். தோடு மூழ்கிப்போனது. அம்மா அதற்காக விசுவாசத்தை விடவில்லை, ஆனால் சாகும்வரை வெறுங்காதோடுதான் இருந்தார். ஆகவே சொல்கிறேன்: மருந்தை நிறுத்தச் சொல்பவர், கடன் வாங்கியாவது காணிக்கை கொடுக்கச் சொல்பவர், உறவை வெட்டச் சொல்பவர், இந்த மூவரும் எவ்வளவு உருக்கமாக ஜெபித்தாலும் எழுந்து வந்துவிடுங்கள்.

உறவு என்றதும் இன்னொன்று. மலையகத் தமிழரில் பெரும்பான்மையினர் இந்துக்கள். நீங்கள் ஞானஸ்நானம் எடுத்தாலும் லயத்துச் சுவர் இரண்டு வீட்டுக்கும் பொதுதான். மாரியம்மன் திருவிழாவுக்கு அண்ணன் வீட்டில் விருந்தாட்கள் வந்தால் போய்ப் பாத்திரம் கழுவிக் கொடுங்கள். எதைச் சாப்பிடுவது, எதை விடுவது என்பதற்கு ரோமர் 14ஐப் படித்து உங்கள் மனச்சாட்சிப்படி முடிவு எடுங்கள். அடக்கத்துக்கும் கல்யாணத்துக்கும் தோள் கொடுக்கப் போவது அந்த அண்ணன்தான்.

வீட்டில் என்ன இருக்கிறது?

இந்தப் பகுதிக்காகத்தான் நான் எழுதவே உட்கார்ந்தேன். 2 இராஜாக்கள் 4, முதல் ஏழு வசனம்.

ஒரு விதவை. புருஷன் கடவுளுக்குப் பயந்தவன், ஆனால் கடன் வைத்துவிட்டுச் செத்துப்போனான். கடன்காரன் அவளுடைய இரண்டு மகன்மாரையும் அடிமைகளாகப் பிடித்துக்கொண்டு போக வருகிறான். அவள் எலிசா தீர்க்கதரிசியிடம் ஓடுகிறாள். இவர் எலியாவுக்குப் பின் வந்தவர். எலிசா பணம் எடுத்துக் கொடுக்கவில்லை. "வீட்டில் உன்னிடத்தில் என்ன இருக்கிறது?" என்று கேட்கிறார். ஒன்றுமில்லை, ஒரு குடம் எண்ணெய்தான் என்கிறாள்.

எங்கள் சபையில் ஒரு அக்கா இதே பதிலைத்தான் சொன்னார். "ஒண்ணுமே இல்ல தம்பி." நானும் இன்னொரு அக்காவும் அவர் வாசலில் உட்கார்ந்து தேத்தண்ணி குடித்தபடி அரைமணி நேரம் பேசினோம். பேச்சுவாக்கில்தான் வந்தது: இளவயதில் கொழும்பில் தையல் கடையொன்றில் வேலை செய்திருக்கிறார். காம்பராவுக்குப் பின்னால் ஒரு துண்டு நிலத்தில் போஞ்சி நட்டிருக்கிறார். சித்தி வீட்டில் ஒரு தையல் மெஷின் சும்மா கிடக்கிறது. ஒரு குடம் எண்ணெய் அதுதான்.

ஒரு கொப்பி வாங்குங்கள். இடப்பக்கத்தில் கடன்: யாருக்கு, எவ்வளவு மிச்சம், எந்த நாளில் கட்டுவது, வட்டி எவ்வளவு. கடைக் கொப்பி, சீட்டு, அடகுத் துண்டு, குழு லோன், மச்சானிடம் கைமாற்று, ஒன்றையும் விடாதீர்கள். வெட்கத்தில் ஒரு கடனை மறைத்தால் மொத்தக் கணக்கும் பிழையாகிவிடும். வலப்பக்கத்தில் வீட்டில் இருப்பது: கை வேலை, நிலத் துண்டு, ஆடு மாடு, போன், பிள்ளைகளின் படிப்பு, யாருக்காவது கொடுத்துத் திரும்பாமல் கிடப்பது. எழுத வராவிட்டால் பாடசாலை போகும் பிள்ளையிடம் எழுதச் சொல்லலாம். பிள்ளைக்கும் வீட்டு நிலை விளங்கும்.

எழுதி முடித்ததும் வட்டி கூடின கடனை வட்டம் போடுங்கள், அதுதான் முதலில் தீர வேண்டியது. கடனைக் கட்ட இன்னொரு கடன் எடுப்பதை அன்றோடு நிறுத்துங்கள். நான் பார்த்த குடும்பங்களில் முக்கால்வாசி இந்த இடத்தில்தான் புதைந்தது. குழு லோன்காரர் வரும் நாளில் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே இருப்பதும் உதவாது. நீங்கள் கட்டாத பணத்துக்குக் குழுவில் இருக்கும் மற்றப் பெண்களைத்தான் பிடிப்பார்கள், பிறகு லயத்தில் முகம் பார்க்க முடியாது. தவணை தவறுவதற்கு முன்பே, சபையிலிருந்து இரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு அவர்களுடைய ஆபீசுக்குப் போய், தவணையைக் குறைத்துக் காலத்தை நீட்டித் தரும்படி எழுத்தில் கேளுங்கள். தனியாகப் போகும் பெண்ணிடம் பேசுகிற தொனி வேறு, மூன்று பேர் போனால் வேறு. இதை நான் பக்கத்தில் நின்றே கேட்டிருக்கிறேன்.

எலிசா அடுத்து, அயலாரிடம் வெறும் பாத்திரங்களைக் கேட்டு வாங்கச் சொன்னார். அவர்களிடம் பணம் கேட்கச் சொல்லவில்லை. சித்தியின் மெஷின் ஒரு வெறும் பாத்திரம். டவுனில் துணிக்கடை வைத்திருக்கும் சபைக்காரர் மிச்சத் துணியைக் கடனுக்குத் தந்தார், அதுவும் ஒன்று. பாத்திரம் கேட்க வெட்கப்படாதீர்கள், அது பிச்சை இல்லை.

அப்புறம், கதவைப் பூட்டிக்கொண்டு அந்தப் பாத்திரங்களில் எண்ணெய் வார்க்கச் சொன்னார். இந்த வசனத்தைப் பலர் கவனிப்பதில்லை. உங்கள் கடன் விவரம் ஊர் ஜெபக் குறிப்பாக வேண்டியதில்லை. நம்பிக்கையான இரண்டு பேருக்குத் தெரிந்தால் போதும். சபைக்காரர்களுக்கும் இதையே சொல்கிறேன்: கேட்டதைக் காதோடு வைத்திருங்கள்.

கடைசியில், பாத்திரமெல்லாம் நிறைந்ததும், எண்ணெயை விற்று, கடனைத் தீர்த்து, மீந்ததைக் கொண்டு நீயும் உன் பிள்ளைகளும் பிழையுங்கள் என்றார். அந்த ஒழுங்கிலேயே செய்யுங்கள். அக்கா நத்தாருக்கும் தீபாவளிக்கும் பிள்ளைகளுக்குச் சட்டை தைத்து விற்றார். கடைக் கொப்பி தீர்ந்தது, அடகும் மீண்டது. இரண்டு வருடமாகியும் குழு லோனில் ஒன்று மிச்சம் இருக்கிறது.

இந்தக் காலத்தில் தசமபாகம், அதாவது வருமானத்தில் பத்தில் ஒரு பங்கு, கொடுக்க வேண்டுமா என்று கேட்பார்கள். தன்னிடம் இருந்த இரண்டு காசையும் காணிக்கையாகப் போட்ட ஏழை விதவையைக் காட்டுவார்கள். மாற்கு 12இல் அந்தக் காட்சிக்குச் சற்று மேலே, விதவைகளின் வீடுகளைப் பட்சிக்கிறவர்களை இயேசு எச்சரிக்கிறார். இரண்டையும் சேர்த்துப் படித்துவிட்டு, முடிந்ததைப் போடுங்கள். நான் காணிக்கைக் கணக்கு எழுதுகிறவன், நானே சொல்கிறேன்.

தாள்களை ஒரு பைலில் போடுங்கள்

1948இல் ஒரு சட்டம் நம் பாட்டன்மாரை நாடற்றவர்களாக்கியது. அந்தப் பிரச்சினை 2003ஆம் ஆண்டுச் சட்டம் வரை இழுபட்டது. தாள் இல்லாதவனுக்கு என்ன நடக்கும் என்பதை நமக்கு யாரும் சொல்லித்தரத் தேவையில்லை. ஆனாலும் பிறப்புச் சான்றிதழ் அரிசி டின்னுக்குள் கிடந்து கரப்பான் அரித்த வீடுகள் இன்னும் இருக்கின்றன.

பைலில் இருக்க வேண்டியவை: பிறப்பு, விவாகச் சான்றிதழ்கள், அடையாள அட்டை, ஈ.பி.எப். (ஊழியர் சேமலாப நிதி) பீ கார்ட், சம்பளத் துண்டுகள், பிள்ளைகளின் கிளினிக் கொப்பி, அரசாங்க நலன்புரி உதவியான அஸ்வெசும கடிதம் இருந்தால் அது. எல்லாவற்றிலும் பெயர் ஒரே மாதிரி இருக்கிறதா என்று ஒப்பிட்டுப் பாருங்கள். ஒன்றில் லெட்சுமி, ஒன்றில் முத்துலெட்சுமி, இன்னொன்றில் அப்பா பெயர் சிங்கள எழுத்தில் வேறு மாதிரி. இது ஓய்வு பெறும்போது வெடிக்கும் குண்டு. இப்போதே ஜீ.எஸ். என்கிற கிராம சேவகரிடமும் பிரதேச செயலகத்திலும் கேட்டுத் திருத்தத் தொடங்குங்கள். தமிழில் பேசவும் பதில் பெறவும் உங்களுக்கு உரிமை உண்டு. தயக்கமாக இருந்தால் சிங்களம் தெரிந்த சபைத் தம்பி ஒருவரைக் கூட்டிக்கொண்டு போங்கள்.

ஈ.பி.எப்.பில் உங்கள் சம்பளத்திலிருந்து 8 வீதம், தோட்டம் தன் பங்காக 12 வீதம் கட்ட வேண்டும். ஈ.டி.எப். என்ற ஊழியர் நம்பிக்கை நிதிக்கு இன்னும் 3 வீதம், அது முழுக்கத் தோட்டத்தின் பொறுப்பு. கட்டியிருக்கிறார்களா என்று கேட்பது சண்டை இல்லை. வேலைக்காரரின் பிடித்துவைத்த கூலி கூக்குரலிடுகிறது என்று யாக்கோபு 5:4 சொல்கிறது. தொழில் அலுவலகத்துக்குப் போகும் நாள் காலையில் அந்த வசனத்தைப் படித்துவிட்டுப் போங்கள். விசுவாசிக்கு இப்படிக் கணக்குக் கேட்பது அழகா என்று தயங்குவோருக்கு: 1972இல் கண்டியில் சத்தியோதயம் என்ற சமூக நிலையத்தை ஆரம்பித்த இயேசு சபைக் குரு போல் கஸ்பர்ஸ், தோட்டத் தொழிலாளரின் உரிமைகளுக்காகத்தான் தன் காலத்தைச் செலவழித்தார்.

ஒரு சின்ன உபாயம். லயத்துக்கு வரும் கடிதங்கள் தோட்ட ஆபீசில் தங்கிவிடும். நேர்முகப் பரீட்சைக்கு அழைத்த கடிதம், திகதி முடிந்து கையில் கிடைத்த பிள்ளைகளை எனக்குத் தெரியும். போதகரிடம் கேட்டு, விண்ணப்பங்களில் சபையின் விலாசத்தைக் கொடுங்கள்.

பிள்ளைகளுக்கு

எரேமியா 29:11ஐ எல்லாரும் போனில் ஸ்டேட்டஸ் போடுகிறார்கள். உங்கள்பேரில் நான் நினைத்திருக்கிற நினைவுகளை அறிவேன் என்ற வசனம். அது பாபிலோனுக்குப் பிடித்துக்கொண்டு போகப்பட்டவர்களுக்கு எழுதிய கடிதம். அதற்கு முந்தின வசனத்தில் எழுபது வருடம் என்று இருக்கிறது, அதை யாரும் ஸ்டேட்டஸ் போடுவதில்லை. ஐந்தாம் வசனத்தில் வீடுகளைக் கட்டுங்கள், தோட்டங்களை நாட்டி அவற்றின் கனியைச் சாப்பிடுங்கள் என்று இருக்கிறது. தோட்டம் நாட்டினோம், கனியை யார் சாப்பிட்டார்கள் என்று எங்கள் அப்பா கேட்பார். நியாயமான கேள்வி. ஆயிரம் ரூபா நாட்சம்பளம் கேட்டு வருடக்கணக்கில் நின்று, 2021இல் அது வந்தபோது சாமான் விலை எங்கேயோ ஓடிவிட்டது.

காத்திருக்கும் காலத்தில் செய்ய வேண்டிய வேலையைத்தான் அந்தக் கடிதம் சொல்கிறது என்று நான் விளங்கிக்கொள்கிறேன். சாதாரண தரத்தில் தவறிய பிள்ளையைக் கொழும்புக் கடைக்கு அனுப்புவதற்கு முன், தொழிற்பயிற்சி அதிகார சபையில் என்ன கோர்ஸ் இருக்கிறது, என்.வீ.கியூ. என்ற தேசிய தொழில் தகைமைச் சான்றிதழ் கிடைக்குமா என்று ஒருதரம் விசாரியுங்கள். உயர்தரம் முடித்த பிள்ளை ஆசிரியராகப் பயிற்சி பெறப் பத்தனை ஸ்ரீபாத கல்வியியற் கல்லூரி பக்கத்திலேயே இருக்கிறது. வெளிநாடு போக முடிவெடுத்தால், ஏஜென்சிக்குக் காசு கொடுக்குமுன் 1989க்கு அழைத்து அதற்கு லைசன்ஸ் இருக்கிறதா என்று வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்திடம் கேளுங்கள். சபைக் கட்டடம் வார நாட்களில் பூட்டிக் கிடந்தால், மாலையில் பிள்ளைகள் படிக்க அதைத் திறந்துவிடச் சொல்லிக் கேளுங்கள். இரண்டு தடவை மறுப்பார்கள். மூன்றாம் தடவையும் கேளுங்கள்.

மழை பலக்கும்போது

"எனக்கு ஒத்தாசை வரும் பர்வதங்களுக்கு நேராக என் கண்களை ஏறெடுக்கிறேன்." மலையகத்தில் சங்கீதம் 121ஐப் பாடாத சபை இல்லை. 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயங்கள் மண்ணுக்குள் போயின. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் வந்து பதுளை, நுவரெலியா, கண்டிப் பக்கமெல்லாம் மலை இறங்கியது. அதற்குப் பிறகு இந்த வசனத்தைப் பாடும்போது ஜன்னல் வழியாக மலையைப் பார்க்கப் பயப்படுகிறவர்கள் எங்கள் சபையிலேயே இருக்கிறார்கள். அடுத்த வசனத்தையும் சேர்த்தே படியுங்கள்: ஒத்தாசை வருவது வானத்தையும் பூமியையும் உண்டாக்கின கர்த்தரிடத்திலிருந்து. மலையிடமிருந்து என்று அங்கே சொல்லவில்லை.

சுவரிலோ நிலத்திலோ புதிய வெடிப்பு, மரமும் போஸ்டும் சாய்தல், ஊற்றுத் தண்ணீர் திடீரெனக் கலங்குதல், இவற்றைக் கண்டால் ஜெபத்தை நடந்துகொண்டே சொல்லலாம். சிவப்பு எச்சரிக்கை வந்தால் உடனே வெளியேறுங்கள். அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் இலக்கம் 117. வீட்டை விட்டு ஓடுவது அவிசுவாசம் இல்லை. யோசேப்பும் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு இரவோடு இரவாக எகிப்துக்கு ஓடினவர்தான்.

மேலே சொன்ன பைலைப் பொலித்தீன் பையில் சுற்றி, கதவுக்குப் பக்கத்தில் குடை தொங்கும் ஆணியிலேயே மாட்டி வையுங்கள். கடன் கொப்பியும் அதற்குள்ளேயே இருக்கட்டும். வேதாகமத்தையும் வைக்கலாம். சின்ன புதிய ஏற்பாடாக, சங்கீதமும் சேர்ந்ததாகப் பார்த்து வாங்கினால் பாரம் குறையும்.